“விட்டேன்” என்பதும் “பார்த்தேன்” என்பதும்

2010ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். மடுத் திருவிழாவுக்கென எங்கள் அயலிலிருந்து ஒரு வான் புறப்பட ஆயத்தமாக நின்றது. யுத்தம் முடிந்து கண்டி வீதி திறந்திருந்த காலம். பல ஆண்டுகளாக அந்தப் பக்கம் கால் வைக்காதவர்கள் பதினொரு பேர் வந்திருந்தார்கள். அவர்களுள் நெஞ்சு நோய்க்கு மருந்தெடுக்கும் ஒரு மூதாட்டியும், கைக்குழந்தையோடு ஓர் இளந்தாயும் இருந்தனர். வாகனம் என் மைத்துனருடையது, சாரதி நான்.

முதல்நாள் பின்னேரம் ரேடியேற்றரின் கீழ்க் குழாயில் வெடிப்பிருப்பதைக் கண்டு, பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டி, கூலன்றை நிரப்பி மூடியிருந்தேன். அந்த வேலை எனக்குத் தெரியாததல்ல. வாய் வரை நிரப்பினேன். நிரம்பி நின்றதைக் கண்ணாலும் கண்டேன். எஞ்சினை இரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினேன். இருட்டிக்கொண்டு வந்தது. கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன்.

விடியற்காலை நான்கரை மணிக்கு, பைகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அண்ணை வேலியோரம் வந்து நின்றார். முப்பது வருடம் லொறி ஓடி ஓய்ந்த மனிதர்.

“தம்பி, தண்ணி பாத்தனியோ?”

“ஓம் அண்ணை, நேற்றே நிரம்ப விட்டனான்.”

“விட்டனியோ எண்டு நான் கேக்கேல்லை. பாத்தனியோ எண்டு கேட்டனான்.”

நான் சிரித்துவிட்டு, “பாத்தனான், பாத்தனான்” என்றேன். நேரம் போய்க்கொண்டிருந்தது. ஆட்கள் ஏறிவிட்டார்கள். அந்த வானில் எஞ்சின் முன் ஆசனத்தின் கீழே இருக்கிறது. மூடியைத் திறப்பதென்றால் ஏறியவர்களை இறக்க வேண்டும். வாசகர்களே, அந்த “பாத்தனான்” பொய்யா? அன்று அது எனக்குப் பொய்யாகத் தோன்றவில்லை. நிரப்பியபோது பார்த்தேன்தானே!

முறிகண்டியில் எல்லா வாகனங்களும் நிற்பது போல நாமும் நின்றோம். கச்சான் வாங்கினார்கள், தேநீர் குடித்தார்கள். வானின் கீழே நிலம் ஈரமாக இருந்ததை நான் கண்டேன். ‘ஏசித் தண்ணி’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாங்குளம் தாண்டியதும் வெப்பம் காட்டும் முள் சற்று மேலே ஏறியது. என் வயிறு கலங்கியது. ஆனால் சில நிமிடங்களில் முள் தானாகவே கீழே இறங்கியது. ‘அப்பாடா’ என்று மூச்சு விட்டேன். அதற்குப் பின் மூன்று மைல் தூரங்கூடப் போயிருக்கமாட்டோம். இனிப்புக் கலந்த ஒரு காந்தல் மணம். எஞ்சின் இழுக்க மறுத்தது. பின்பு நின்றே விட்டது.

வீதியின் இருபுறமும் காடு. காட்டுக்குள் நல்ல நிழல் இருந்தது. ஆனால் வீதியோரத்தில் மண்டையோடு பொறித்த சிவப்புப் பலகைகள் வரிசையாக நின்றன. மிதிவெடி அகற்றும் வேலை முடியாத நிலம் அது. ஒருவரும் நிழலுக்குப் போக முடியாது, ஒதுங்கவும் முடியாது. பதினொரு பேரும் ஆகஸ்ட் வெயிலில் தார் வீதியின் ஓரத்திலேயே இரண்டரை மணித்தியாலம் இருந்தார்கள். மூதாட்டிக்குச் சேலைத்தலைப்பால் ஒருவர் நிழல் பிடித்தார். குழந்தை அழுது களைத்து உறங்கிவிட்டது. பிறகு வந்த ஒரு பேருந்து அவர்களை ஏற்றிச் சென்றது. ஒருவருக்கும் ஒன்றும் நேரவில்லை.

ஒன்றும் நேரவில்லை என்பதாலேயே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். பலரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள்: “நீ என்ன வேணுமெண்டே செய்தனி? நிரம்ப விட்டுத்தானே வந்தனி. இது கஷ்டகாலம்.” அது கஷ்டகாலமா, குற்றமா? பல வருடங்களாக என்னை விடாத கேள்வி இது. இதற்கு விடை காண முதலில் அந்த எஞ்சினுக்குள் என்ன நடந்ததென்று அறிய வேண்டும். அறநூல் பேசுபவர்கள் சில வேளைகளில் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான் தாண்டப் போவதில்லை.

எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு, எஞ்சினைச் சுற்றி ஓடும் நீரினாலேயே அகற்றப்படுகிறது. அந்த நீர் எஞ்சினின் உட்சுவர்களுக்கிடையே ஓடி, வெப்பத்தை ஏந்தி, ரேடியேற்றருக்குப் போய் ஆறித் திரும்புகிறது. வழியில் தேர்மோஸ்ரற் என்னும் ஒரு கதவு உண்டு. எஞ்சின் குளிராக இருக்கும்போது அது மூடியிருக்கும். நீர் சுமார் 82 முதல் 88 பாகை செல்சியஸ் வரை சூடேறிய பின்னரே திறக்கும். இப்பொழுது நிலைமையைப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சினில் நாம் ரேடியேற்றர் வாயால் நீர் விடுகிறோம். கதவு மூடியிருக்கிறது. எஞ்சினுள் இருக்கும் காற்று வெளியேற வழியின்றி மேற்பகுதிகளில் தங்கிவிடுகிறது. பல தேர்மோஸ்ரற்றுகளில் காற்றுப் போவதற்கென ஒரு சிறு துளை வைத்திருக்கிறார்கள். ஆனால் அது மெதுவாகவே வேலை செய்யும். ரேடியேற்றர் வாய் வரை நிரம்பி நிற்கிறது. கண் “நிறைந்துவிட்டது” என்று சாட்சி சொல்கிறது. அந்தச் சாட்சி பொய்யல்ல. ரேடியேற்றர் நிறைந்திருப்பது உண்மைதான், எஞ்சின் நிறையவில்லை.

பின்பு எஞ்சின் சூடேறிக் கதவு திறந்ததும், அடைபட்ட காற்று நகர்கிறது, அது விட்டுச் சென்ற இடத்துக்கு நீர் இறங்குகிறது, மட்டம் தாழ்கிறது. அதாவது, நிரப்பி முடித்த கணத்தில் மட்டம் எவ்வளவு என்பது எவராலும் அறிய முடியாத ஒன்று. அறியக்கூடிய நேரம் பின்னால் வருகிறது. ஆசனத்தின் கீழ் எஞ்சின் உள்ள வான்களில் குழாய்கள் நீளமானவை, வளைந்து வளைந்து போகின்றவை. அவற்றில் காற்றுத் தங்குவது இன்னும் எளிது. குளிர் தேசங்களுக்கெனச் செய்த வெப்பமூட்டி நம் வாகனங்கள் பலவற்றிலும் உண்டு. நாம் அதன் பிடியை ஒருநாளும் திருப்புவதில்லை. அதற்குள்ளும் காற்று ஒளிந்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு, அதை நினைத்தால் இன்றும் எனக்கு உடல் கூசுகிறது. வெப்பம் காட்டும் முள் எஞ்சினின் வெப்பத்தை நேரே அளப்பதில்லை. தன்னைச் சூழ்ந்திருக்கும் நீரின் வெப்பத்தையே அது அளக்கிறது. நீர் வற்றி, அளக்கும் முனை வெறுங்காற்றில் நின்றுவிட்டால், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் இறங்கக்கூடும். மாங்குளத்துக்கு அப்பால் நான் நிம்மதி மூச்சு விட்ட அந்தக் கணந்தான், உள்ளே நீர் இல்லாமற் போன கணம்.

இப்பொழுது கேள்விக்கு வருவோம். நான் மனதார நம்பினேன். நீர் நிறைய இருக்கிறது என்று உண்மையாகவே எண்ணினேன். மனதார நம்பியவனைக் குற்றவாளி என்று கூறலாமா?

வில்லியம் கிளிஃபோர்ட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1877இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதே கேள்வியை ஒரு கப்பல் சொந்தக்காரனை வைத்து ஆராய்கிறார். அவர் சமய நம்பிக்கைக்கு நண்பரல்லர். எனினும் அவர் சொன்ன கதை நமக்கு உதவும். கப்பல் பழையது. பழுது பார்க்க வேண்டுமென்ற ஐயம் சொந்தக்காரனுக்கு எழுகிறது. இத்தனை தடவை பத்திரமாகப் போய் வந்த கப்பல்தானே என்று அவன் தன்னைத் தேற்றிக்கொள்கிறான். நாடு விட்டுப் போகும் இந்த ஏழைக் குடும்பங்களைக் கடவுளின் பராமரிப்புக் காக்காதா என்கிறான். கப்பலைக் கட்டியவர்களின் நேர்மையைச் சந்தேகிப்பது அழகல்ல என்றும் எண்ணுகிறான். இப்படியாக முழு நம்பிக்கையோடு கப்பலை அனுப்புகிறான். அது நடுக்கடலில் மூழ்குகிறது. அவன் நம்பியது உண்மை. ஆனால் கையிலிருந்த சான்றுகளைக் கொண்டு அப்படி நம்புவதற்கு அவனுக்கு உரிமை இருக்கவில்லை என்கிறார் கிளிஃபோர்ட். பொறுமையாக ஆராய்ந்து பெற்ற நம்பிக்கையல்ல அது. ஐயங்களை அமுக்கிப் பெற்ற நம்பிக்கை. கப்பல் மூழ்காமல் கரை சேர்ந்திருந்தாலும் அவன் குற்றம் சற்றும் குறையாது என்று மேலும் சொல்கிறார்.

இதை முதன்முறை படித்தபோது புத்தகத்தை மூடிவைத்தேன். ஏசித் தண்ணி, இறங்கிய முள், “நேரமாச்சு” என்ற அவசரம். அதோடு இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன்: ‘மடுவுக்குப் போற வாகனம், மாதா பாத்துக்கொள்ளுவா’ என்றும் அன்று காலை என் மனம் சொன்னது. இது விசுவாசமல்ல என்பது எனக்கு இப்போது விளங்குகிறது. மூடியைத் திறக்கும் சோம்பலுக்கு அன்னையின் பெயரைப் போர்வையாக்கியிருந்தேன்.

ஆயினும் கிளிஃபோர்டின் தீர்ப்பை அப்படியே ஏற்க எனக்கு ஒரு தயக்கம் உண்டு. கப்பல்காரனுக்கு ஐயம் எழுந்தது. அவன் அதை அமுக்கினான். நிரப்பிவிட்டுக் கை கழுவிய அந்த மாலையில் எனக்கு ஐயமே எழவில்லை. ஐயம் எழாதவனின் நிலை என்ன? இங்கே நமது பழைய ஆசிரியர்கள் அவரைவிட நுணுக்கமாகப் பேசுகிறார்கள். அறியாமை எல்லாமே ஒருவனைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதில்லை என்பது தோமஸ் அக்குவினாஸின் போதனை. அறிய வேண்டிய கடமையும் அறியக்கூடிய வாய்ப்பும் இருந்தும் அறியாதிருப்பது குற்றமே. உரிய அக்கறை இல்லாமையே கவனயீனம் என்று அவர் வரையறுக்கிறார். பதினொரு உயிர்களைப் பின்னால் ஏற்றியவனுக்கு அறியும் கடமை இருந்ததா? இருந்தது. வாய்ப்பு இருந்ததா? விடியற்காலை, எஞ்சின் இரவு முழுவதும் ஆறிக் கிடந்தது. மூடியைத் திறக்க ஐந்து நிமிடம் போதும். ஐயம் எழவில்லை என்பது என்னைக் காப்பாற்றாது. ஐயம் எழுப்புவதற்கென்றே ஒரு மனிதர் வேலியோரம் வந்து நின்றார்.

(ஒரு சிறு வியப்பு: அக்குவினாஸின் பெருநூலில், இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பகுதியில் கவனயீனம் பேசப்படுவது 54ஆம் வினாவில். திருக்குறளில் மறதியின் தீமையைப் பேசும் ‘பொச்சாவாமை’யும் 54ஆம் அதிகாரமே. தற்செயல்தான். ஆனால் வள்ளுவர் அங்கே மறதியை மிகுந்த மகிழ்ச்சியோடு சேர்த்துப் பேசுவது தற்செயலல்ல. வேலை முடிந்துவிட்டது என்ற களிப்பில் கை கழுவும் கணத்தில்தான் நான் மறந்தேன்.)

வாசகர் ஒருவர் மறுத்துக் கேட்கலாம்: “எதையும் மறுபடி பார்க்க வேண்டுமென்றால் உலகில் நம்பிக்கை எங்கே? கராஜில் கொடுத்து எடுத்த வாகனத்தை நான் வீட்டில் திறந்து பார்த்தால், திருத்தியவனை அவமதித்ததாகாதா?” நியாயமான கேள்வி. திருத்துநரைக் கள்ளனைப் போல நடத்தும் சிலரை நானும் கண்டிருக்கிறேன். அது அழகல்ல. ஆனால் இந்த விடயத்தில் அவமதிப்புக்கு இடமேயில்லை. அவர் கை எடுத்த பின்னர்தான் காற்று நகர்கிறது, மட்டம் இறங்குகிறது. அவர் தேவதூதராகவே இருந்தாலும் அது இறங்கும். நல்ல திருத்துநர் தாமாகவே சொல்வார்: “இண்டைக்கு ஓடுங்கோ, நாளைக் காலமை ஆறினாப்பிறகு திறந்து பாருங்கோ.” தம் திறமையில் நம்பிக்கையில்லாமல் அவர் அப்படிச் சொல்வதில்லை. நீரின் இயல்பை அறிந்து சொல்கிறார். கப்பல்காரன் கப்பல் கட்டியவரின் நேர்மையைக் காரணம் காட்டியதில் இருந்த தவறும் இதுவே. நேர்மையைப் பற்றி அங்கே எவரும் கேட்கவில்லை. பலகையைப் பற்றியே கேட்டார்கள்.

எதிர்ப்புறத்தில் இன்னோர் ஆபத்து உண்டு. ஒருமுறை சூடுபட்டவன் பத்து மைலுக்கு ஒருமுறை நின்று மூடியைத் திறப்பான். நானும் சில மாதங்கள் அப்படி இருந்தேன். மனச்சாட்சியின் அதீத அச்சம் எவ்வளவு கொடியது என்பதைப் புனித இஞ்ஞாசியாரின் வரலாற்றில் காண்கிறோம். 1522இல் மன்ரேசாவில் அவர் அதனால் பட்ட பாடு பெரிது. ரேடியேற்றரைப் பொறுத்தவரை இந்த அச்சம் மனத்தை மட்டுமல்ல, முகத்தையும் சுடும். மூடியின் கீழே நீர் அழுத்தத்தில் இருக்கிறது. சாதாரணமாக 100 பாகையில் கொதிக்கும் நீர், அந்த அழுத்தத்தில் 120 பாகை அளவிலும் கொதியாமல் நிற்கும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் போய்விடும். அக்கணமே கொதித்து முகத்தில் சீறும். ஆகவே நினைத்தபோதெல்லாம் பார்க்க முடியாத காரியம் இது. ஆறும்வரை காத்திருந்தே பார்க்க வேண்டும்.

ஆக, பார்ப்பதற்கும் ஓர் அளவும் காலமும் உண்டு. அண்ணை பின்னாளில் எனக்குக் காட்டிய முறை இதுதான். வாகனத்தைச் சம நிலத்தில், அல்லது மூக்குப் பக்கம் சற்று உயர நிறுத்துவது; வெப்பமூட்டியின் பிடியைச் சூட்டுப் பக்கம் திருப்புவது; மெதுவாக விட்டு, றப்பர் குழாய்களைக் கையால் பிசைந்துவிடுவது; குளிர்ந்த எஞ்சினை மூடி போடாமலே இயக்கி, மேல் குழாய் சூடேறும் வரை பக்கத்தில் நிற்பது. அந்த நேரத்தில் குமிழிகள் வரும், மட்டம் இறங்கும்; இறங்க இறங்க விட்டு, பின்பு மூடுவது. ஒரு சிறு ஓட்டம் ஓடி, இரவு முழுவதும் ஆறவிட்டு, விடியத் திறந்து பார்ப்பது. இரண்டு மூன்று நாள் கழித்து மீண்டும் ஒருமுறை. பின்பு நிம்மதியாக இருக்கலாம்; இருக்கவும் வேண்டும். சூட்டில் மட்டத்தைப் பார்த்து மகிழ்வதில் பொருளில்லை. 6 லீற்றர் நீர் 20 பாகையிலிருந்து 90 பாகைக்குச் சூடேறும்போது ஏறத்தாழ 200 மில்லிலீற்றர் பருத்துவிடும். அந்தப் பருமன் நம்முடையதல்ல.

பக்கத்திலிருக்கும் பிளாஸ்ரிக் போத்தலை மட்டும் பார்ப்பவர்களும் உண்டு. போத்தலின் கோடு வரை நீர் நிற்கும். ரேடியேற்றர் வெறுமையாக இருக்கும். எஞ்சின் ஆறும்போது போத்தலிலிருந்து நீரை உறிஞ்ச வேண்டிய மெல்லிய குழாயில் ஓர் ஊசித் துளை இருந்தால், அல்லது மூடியின் வால்வு தேய்ந்திருந்தால், அது நீருக்குப் பதிலாகக் காற்றையே உறிஞ்சும். சிறு துளைதான், போத்தல் வெளியில் அழகாக நிறைந்திருக்கும்.

நான் பெருந்தவறென்று கருதுவது இவை எல்லாவற்றையும்விட வேறொன்று. முதல்நாள் மட்டம் இறங்குவது இயல்பு, விட்டுக்கொள்ளலாம். மறுநாளும் இறங்கினால் பொறுக்கலாம். மூன்றாம் வாரமும் இறங்குகிறதென்றால் அது காற்றல்ல, எங்கோ ஒழுக்கு. அந்நிலையில் ஒவ்வொரு காலையும் ஒரு செம்பு நீர் விட்டுவிட்டு ஓடுகிறவன் பார்க்காதவன் அல்லன். ஒவ்வொரு நாளும் பார்க்கிறான். பார்த்தும், எங்கே போகிறது என்று கேட்க மறுக்கிறான். கேட்டால் செலவு வரும். கஸ்கற் போயிருக்கலாம், ஹெட்டைக் கழற்ற நேரலாம். அந்த ஒரு செம்பு நீரால் இன்றையக் கேள்வியை நாளைக்குத் தள்ளுகிறான். வாகனத்தை விற்கும் முன் இப்படி நிரப்பிக் காட்டி விற்றவர்களும் உண்டு. வெறும் மறதியால் என்னைப் போல் வழியில் நிற்பவனின் குற்றம் இதற்குப் பக்கத்தில் வைக்கக்கூடியதல்ல என்றே நினைக்கிறேன். இதில் எனக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்துக்கொள்கிறேனோ என்ற ஐயமும் உண்டு. வாசகர்களே முடிவு செய்யட்டும்.

என் தீர்ப்பு இவ்வளவுதான். விடியற்காலையில் நான் “பாத்தனான்” என்று சொன்னது பொய்யே. நேற்றைய பார்வையை இன்றைய பார்வையாகக் கொடுத்தேன். கேட்டவர் எதைக் கேட்டார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அவரே பிரித்தும் சொன்னார். மூதாட்டிக்கு ஒன்றும் நேராதது அவருடைய நற்பேறு. என் பெயரில் வரவு வைக்கக்கூடிய ஒன்றல்ல.

எஞ்சினின் ஹெட் வளைந்து போயிருந்தது. மைத்துனர் ஒரு வார்த்தையும் பேசாமல் செலவை ஏற்றார். பாதியை நான் தவணையில் கொடுத்துத் தீர்த்தேன். மூதாட்டியின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் என்ன மன்னிப்பென்று விளங்காமல், “தம்பி சாப்பிட்டிட்டுப் போ” என்றார்.

அண்ணையிடம் போக எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. “நான் அப்பவே சொன்னனான்” என்று தொடங்குவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

“குழாயைக் கழட்டேக்கை எவ்வளவு வடிஞ்சது?”

“ஒரு அஞ்சு லீற்றர் இருக்கும் அண்ணை. சட்டியிலை பிடிச்சனான்.”

“திருப்பி எவ்வளவு விட்டனி?”

நாலு லீற்றர்க் கானில் பாதி லீற்றருக்கு மேல் மிச்சம் இருந்தது நினைவுக்கு வந்தது. மூன்றரைக்குக் கிட்ட என்றேன். அவர் விரலை மடக்கிக் கணக்குப் பார்க்கவில்லை; நான்தான் பார்த்தேன். அந்தக் கான், மிச்சத்தோடு, பின்னேரத்திலிருந்தே என் விறாந்தையில் இருந்தது. மறுநாள் காலை பைகளை ஏற்றும்போது அதை ஒருபுறம் தள்ளி வைத்துவிட்டுத்தான் நான் வழி எடுத்தேன்.